ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுப்பது

புதிதாகத் தோளில் கண்டக்டர் பை மாட்டியிருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே! டிக்கெட் மெஷினை எப்படித் தட்டுவது, கூட்டத்துக்குள் எப்படிப் புகுந்து வெளியே வருவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஒரே வாரத்தில் அதை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். நான் சொல்ல வந்தது, உங்களுக்கு முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி. அவருடைய முதுகைத்தான் நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கப் போகிறீர்கள். அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.

என் சர்வீஸின் கடைசி வருசங்கள் திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்குப் போகும் வண்டியில் கழிந்தன. அந்த வண்டியின் டிரைவர் சேவியர். எனக்கும் அவனுக்கும் சொந்தம் இல்லை, சாதி ஒன்றில்லை, சாமியும் ஒன்றில்லை. ஆனாலும் நான் அவனுக்கு மாமா, அவன் எனக்கு மாப்பிள்ளை. நம் பக்கத்தில் ஒரே வண்டியில் நாலு மாதம் ஓடினால் அப்படித்தான் ஆகிவிடும். அவன் பேசாமடந்தை, நான் ஓட்டைவாய். அதனால் வண்டிக்குள் பேச்சு சரியான அளவில் இருந்தது.

சேவியருக்குச் சர்க்கரை இருந்தது. இது ஒன்றும் அதிசயமில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, கிடைத்த நேரத்தில் சாப்பாடு, நின்ற இடத்தில் எல்லாம் டீ என்றால் யாருக்குத்தான் வராது? அது போதாதென்று மலைக்காரர்களின் பாசம் வேறு. தோட்டத்தில் வாழைத்தார் வெட்டினால் ஒரு சீப்பை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். மலை வாழைப்பழத்தை ஒன்றோடு நிறுத்திய மனிதனை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சேவியர் அக்கறை இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அவ்வப்போது ஞானோதயம் வரும். ஒரு தடவை வெள்ளை வெளேரென்று ஷூ வாங்கி, விடிந்ததும் விடியாததுமாகக் காலேஜ் மைதானத்தில் மூச்சு வாங்க ஓடினான். இன்னொரு தடவை சோற்றையே அடியோடு விட்டுவிட்டான். அடுத்த தடவை பாகற்காயை அரைத்துக் குடித்துவிட்டு வந்து, அந்த முகத்தோடேயே வண்டியை எடுத்தான். ஏறிய பயணிகள் எல்லாம், 'டிரைவருக்கு என்ன கோபம்?' என்று என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் தாண்டாது. மழை பெய்யும், கால் வலிக்கும், வீட்டில் விசேசம் வரும், எல்லாம் நின்றுவிடும். அந்த வெள்ளை ஷூ டிரைவர் சீட்டுக்கு அடியில் கிரீஸ் துணியோடு கிடந்தது.

நான் அவனைக் கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான். ஆனால் ஒவ்வொரு தடவை விடும்போதும் அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் ஆட்களுக்கே உரிய கிறுக்குத்தனம். டிரைவர்கள் சர்க்கரையை மறைப்பார்கள். மெடிக்கல் செக்கப் வருகிறது என்றால் முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். ரத்தம் எடுக்கும் வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. மாத்திரையை மட்டும் மறக்காமல் போடுவார்கள். ரிப்போர்ட்டில் சர்க்கரை குறைவாக வந்தால் போதும், உடம்பு எக்கேடு கெட்டால் என்ன!

அப்படி ஒரு நாள் மத்தியானம் சேவியருக்கு மெடிக்கல் செக்கப். காலை பதினோரு மணி ட்ரிப்பில் நாங்கள் மலை ஏறிக்கொண்டிருந்தோம். முதல் நாள் ராத்திரியிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஹாரன் அடிக்க வேண்டிய வளைவில் அவன் ஹாரன் அடிக்கவில்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். அவன் முதுகுச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெளியே குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"மாப்ள, என்னாச்சு?"

 வண்டி மெதுவாகி, ஓரம் கட்டி, நின்றது. அவன் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது.

நான் பின்பக்கம் குதித்து, மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்துவிட்டு முன்னால் ஓடினேன். அவன் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கை வெடவெடவென்று நடுங்கியது. அதற்குள் வண்டிக்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் கொடு என்றார். ஒருவர் தலையில் தண்ணீரை ஊற்று என்றார்.

எங்கள் டெப்போவில் முன்பு ஒரு நாள் முதலுதவி வகுப்பு நடந்தது. எடுத்தது ஒரு நர்ஸம்மா. அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டோம், மீதிப் பேர் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா அதைப் பற்றிக் கவலையே படாமல், ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "சுகர் மாத்திரை போடுறவங்க வேர்த்து நடுங்கினா, அவங்களால விழுங்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா உடனே இனிப்பக் குடுங்க. கூடிப்போச்சுன்னா அப்புறமாப் பாத்துக்கலாம். கொறஞ்சு போச்சுன்னா நேரம் இருக்காது."

"சீனி யாருகிட்ட இருக்கு?" என்று கத்தினேன். "டிரைவருக்குச் சுகர் இருக்கு!"

வீட்டில் காதுகுத்து வைத்திருந்த ஓர் அம்மா மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சீனிப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்து நீட்டினார். நான் ஒரு கை அள்ளும்போது, பின்னால் இருந்து ஒரு பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, சுகர்காரனுக்கு எவனாச்சும் சீனிய அள்ளிப் போடுவானா? ஆளக் கொன்னுபுடாதப்பா!"

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவர் மட்டுமல்ல, சுற்றி நின்ற எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். போனில் சிக்னல் இல்லை. கேட்பதற்கு ஆளில்லை. இத்தனை பேர் சொல்வதா, தூக்கக் கலக்கத்தில் காதில் விழுந்த அந்த ஒரு குரலா? தம்பிகளா, என் சர்வீஸில் நான் அப்படி நடுங்கியதில்லை. பெரியவரின் கையை விலக்கிவிட்டு, கொஞ்சம் தண்ணீரை அவன் வாயில் ஊற்றிப் பார்த்தேன். விழுங்கினான். சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். 

கொஞ்ச நேரத்தில் அவன் என் முகத்தைப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான்.

"மாமா, வண்டி எங்க நிக்குது?"

அப்போதுதான் நான் கீழே இறங்கி வண்டி நின்ற விதத்தைப் பார்த்தேன். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவரை ஒட்டி நின்றிருந்தது. முன்சக்கரம் சுவர்ப் பக்கமாகத் திருப்பி ஒடிக்கப்பட்டிருந்தது. டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தால், ஹேண்ட் பிரேக் இழுக்கப்பட்டிருந்தது. கியர் முதலாவதில் கிடந்தது. ஏற்றத்தில் ஒரு வண்டியை எப்படி நிறுத்த வேண்டுமோ, ஒரு குறை இல்லாமல் அப்படி நின்றது.

"எப்புடிடா இம்புட்டும் செஞ்ச?"

"என்னத்தச் செஞ்சேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே மாமா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேச்சு வரவில்லை, எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தி மங்கி, கண் இருண்டு, தான் யார் என்றே தெரியாத ஒரு மனிதனின் கையும் காலும் வண்டி நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. வருசக்கணக்காகத் தினமும் செய்த பழக்கம் அது. அவன் இல்லாத நேரத்தில் அது அவனுக்காக வேலை பார்த்திருக்கிறது. நான் அந்த முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றேன்.

கீழே இறங்கிய ஒரு வண்டியில் சொல்லி அனுப்ப, டெப்போவிலிருந்து வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் சேவியரைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். டெப்போவில் மறைத்தால் மறைக்கலாம். 'பித்தம், மயக்கம்' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. சொன்னால் மலை வண்டி அவன் கையை விட்டுப் போகலாம். ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. 

"நானே சொல்லிர்றேன் மாமா. பின்னாடி அம்புட்டுப் பேரு இருந்தாங்கள்ல."

டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, கொஞ்சம் நடை. சர்க்கரை ஏறாமல் இறங்காமல் ஒரு நிலைக்கு வந்தால் மறுபடி ஓட்டலாம், வராவிட்டால் ஓட்ட முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். அதுவரை டெப்போவுக்குள்ளேயே வேலை.

இவ்வளவு பட்டவன் திருந்திவிடுவான் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது நேர்மாறு. டெப்போ கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மாத்திரையைத் தொடவே பயம். நடக்கவில்லை. மத்தியானம் பரோட்டா, சால்னா. டீயில் சீனி தூக்கலாக. நான் ட்ரிப் முடித்து வந்ததும் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொல்வேன். கால் போனவர் கதை, கண் போனவர் கதை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவன் இன்னொரு பரோட்டா சொல்வான்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா இப்புடிப் பண்ற? சாகணும்னு முடிவு கட்டிட்டியா?"

"எத்தன தடவ மாமா ஆரம்பிக்கிறது?" என்றான். குரல் உயரவே இல்லை. "ஓடிப் பாத்தேன். பட்டினி கெடந்து பாத்தேன். ஒவ்வொரு தடவையும் நின்னுபோகுது. நம்மால ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல. விடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயம் காட்டினால் மனிதன் நடப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் பயப்படாமல் இல்லை. அன்று மலையில் அவனைவிட அதிகமாகப் பயந்தவர் யாரும் இருக்க முடியாது. அவனுக்கு இல்லாமல் போனது தன் மேல் இருந்த நம்பிக்கை.

எங்கள் டெப்போ கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் இடம் நல்ல ஏற்றம். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், புதிதாக வேலைக்கு வந்த டிரைவர் ஒருவர் வண்டியை வெளியே எடுத்தார். பாதி ஏற்றத்தில் லாரி ஒன்று குறுக்கே வர, வண்டி நின்றுவிட்டது. அவர் மறுபடி எடுத்தார். வண்டி உலுக்கிவிட்டு நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. பின்னால் ஹாரன் சத்தம். அவர் பதற்றத்தில் இன்னும் வேகமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

சேவியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஏலே அப்பு! செகண்ட்ல போட்டு எடுக்குறியாக்கும்? ஏத்தத்துல நின்ன வண்டி செகண்ட்ல எப்புடிக் கெளம்பும்? ஃபர்ஸ்ட்டப் போடு! மெதுவா விடு. நகந்தாப் போதும்!"

அவர் முதல் கியரைப் போட்டார். வண்டி முனகிக்கொண்டே நகர்ந்து, ரோட்டில் ஏறி, திரும்பிப் போய்விட்டது.

சேவியர் உட்காரவில்லை. அந்த ஏற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் டீ கிளாஸை நீட்டினேன், வாங்கவில்லை.

"மாமா," என்றான். "நான் அத்தன தடவையும் செகண்ட்லதான எடுத்தேன்?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த அறிவாளித்தனமான காரியங்களில் அது ஒன்று.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், அவன் எழுந்து, வரிசையாக நின்ற வண்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டேன்.

"இம்புட்டுத்தான்."

வேறு எதையும் அவன் மாற்றவில்லை. பரோட்டாவையும் விடவில்லை. அந்த ஒரு சுற்று மட்டும் தினமும். அது பழகியதும், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு அந்தத் தட்டைக் கழுவும் முன் மாத்திரை. அது பழகியதும் டீயில் சீனி பாதி. என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு இதைப் பார்த்துக்கொண்டிருப்பதே தண்டனை. ஆனால் ஒரு நாள் கவனித்தேன், சாப்பிட்டு முடித்ததும் அவன் என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே எழுந்து நடக்கத் தொடங்கினான். நடக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கால்களைப் பார்த்தபோது எனக்கு மலையில் தொட்ட முன்சக்கரம் ஞாபகம் வந்தது. அதே ஆச்சரியம், அதே சிலிர்ப்பு.

நடுவில் அவன் கொழுந்தியாள் கல்யாணம் வந்தது. அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்துப் பெரிய விருந்து. மூன்று நாள் நடையும் இல்லை, அளவும் இல்லை. திரும்பி வந்தவன் முகம் பழையபடி தொங்கிப் போயிருந்தது. பழைய ஆளாக இருந்திருந்தால் நான் உடனே பிரசங்கத்தை ஆரம்பித்திருப்பேன். ஆனால் மலையில் வண்டி நின்றால் கண்டக்டரின் வேலை என்ன? வண்டியைத் தள்ளுவதா? எந்தக் கண்டக்டரால் பஸ்ஸைத் தள்ள முடியும்? பின்னால் உருளாமல் ஒரு கட்டை போடுவதுதான் நம் வேலை. எடுப்பது டிரைவர் வேலை. அதனால் சாப்பாடு முடிந்ததும், "வா மாப்ள, கால் மரத்துப்போச்சு, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னேன். வந்தான். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கறி எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். சேவியர் சந்தோசப்படுவான் என்று பார்த்தால், அவன் கவலை வேறாக இருந்தது. மலை முழுக்க அந்தச் செய்தி பரவியிருந்தது. சுகர் டிரைவர் வண்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு இருப்பதோ ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். வேறு வழியில்லாமல் ஏறுவார்கள், நம்பி ஏறுவார்களா?

முதல் நாள் காலை. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் விசிலை வாயில் வைக்கப் போனேன். சேவியர் சீட்டிலிருந்து எழுந்து, பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றான். இத்தனை வருசத்தில் அவன் முதுகை மட்டும் பார்த்தவர்கள் அவர்கள்.

"எனக்குச் சுகர் இருக்கு," என்றான். "அன்னைக்கு வண்டிய நிறுத்துனது அதனாலதான். தப்பு என் மேலதான், சாப்புடாம மாத்திரையப் போட்டுட்டு ஏறுனேன். இப்ப வேளைக்குச் சாப்புடுறேன், நடக்குறேன். டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாரு. இருந்தாலும் பயமா இருக்குறவங்க எறங்கிக்கங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவன் அத்தனை வார்த்தைகளை ஒன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.  கடைசி வரிசையில் இருந்து ஒரு பொம்பளை எழுந்தார். மலையில் பழம் வாங்கி டவுனில் விற்கிறவர், பல வருசமாக நம் வண்டியில் வருகிறவர். வெற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, பின்படி வழியாக இறங்கிவிட்டார்.  சேவியர் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அம்மா வண்டியை ஒட்டியே நடந்து வந்து, முன்படியில் ஏறினார். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் இருந்தவரை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

"நானும் மாத்திரைய விட்டு ஒரு வருசம் ஆகப்போகுதுய்யா," என்றார். "நடக்குறதையும் விட்டுட்டேன். நீ எப்புடித் திரும்ப ஆரம்பிச்ச? சொல்லிக்கிட்டே வா."

"வண்டி ஓட்டும்போது பேசக் கூடாதுக்கா," என்றான் சேவியர்.  "மேல போயிச் சொல்றேன்."

சிறுமலை போய்ச் சேர்ந்தோம். வழக்கமாக வண்டி நிற்கும் முன்பே ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவார்கள், அவரவர்க்குத் தோட்டம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. அன்று அந்த அம்மா சேவியருக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் இருக்கு" என்று ஒரு கிழவர் வந்து நின்றார். மளிகைக்கடைக்காரர் நின்றார். போன வருசம்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஓர் இளம்பெண், கைக்குழந்தையோடு, கொஞ்சம் தள்ளி நின்றார். இத்தனை வருசம் நான் டிக்கெட் கிழித்துக் கொடுத்த முகங்கள். இத்தனை பேருக்கு இருந்தது, இத்தனை பேரும் ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள், எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது.

சேவியர் பேசினான். அந்தப் பேசாமடந்தை, கையை ஆட்டி, கியர் போட்டுக் காட்டி, பேசினான். திரும்ப வேண்டிய நேரம் வந்தது. அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். விசிலைக் கையில் எடுத்தேன், அந்த இளம்பெண் இரண்டடி முன்னால் வந்து சேவியரிடம் ஏதோ கேட்கத் தொடங்கினார். நான் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.